பனி எரிமலையில் எரிவது என்ன?

சனிக்கோளின் நிலவான என்செலடஸ் செய்தியில் வரும்போதெல்லாம் 'பனி எரிமலை'யும் கூடவே வந்துவிடுகிறது. கிரையோவால்கனோ, அதாவது பாறைக்குழம்புக்குப் பதில் நீரைப் போன்ற குளிர்ந்த பொருளை உமிழும் இடம், என்பதற்குச் செய்த தமிழாம். கிரேக்க 'கிரியோஸ்' கடுங்குளிர். வால்கனோ, ரோமானியரின் நெருப்புக் கடவுள் வல்கன் வழி வந்தது. வேர் அவ்வளவுதான்.

ஆங்கிலச் சொல்லிலும் நெருப்பு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் புதைந்து கிடக்கிறது. பேசுபவர் காதில் அது விழுவதில்லை. தமிழில் 'எரிமலை' வினைத்தொகை. எரிந்த மலை, எரிகிற மலை, எரியும் மலை என்று முக்காலமும் எரிகிறது. அதன் தலையில் பனியை வைத்தால் பனி மூடிய எரிமலை என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். ஐஸ்லாந்தில் அப்படிப்பட்டவை உண்டு. உள்ளே கொதிப்பது அசல் பாறைக்குழம்பு. அந்தப் பெயரை அவற்றுக்கே விட்டுவிடலாம்.

என்செலடஸில் எரிவதும் இல்லை, மலையும் இல்லை. 2005இல் காசினி விண்கலம் அதன் தென்துருவத்தில் கண்டவை, ஒவ்வொன்றும் சுமார் 130 கி.மீ. நீளும் நான்கு பிளவுகள். சுமார் 33 மணி நேரத்துக்கு ஒருமுறை சனியைச் சுற்றும் அந்நிலவைச் சனியின் ஈர்ப்பு பிசைந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பிசைவில் எழும் சூட்டில், பனி ஓட்டுக்கு அடியிலுள்ள கடல் உறையாமல் கிடக்கிறது. உருகிய பாறை சுற்றியுள்ள பாறையைவிட இலேசு, அதனால் மேலேறும். நீரோ பனிக்கட்டியைவிடக் கனம். பிளவுக்குள் பனி ஓட்டின் தடிமனில் பத்தில் ஒன்பது பங்கு உயரம்வரைதான் தானாக ஏறும். அதற்கு மேல் வெற்றிடம் திறந்திருப்பதால் 0 டிகிரியை ஒட்டியே கொதித்து, ஆவியாகப் பீச்சுகிறது. துளிகள் உறைந்து துகளாகின்றன. 'வெடித்துச் சிதறியது' என்று எழுத இதில் ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு, தமிழில் 'வெடிப்பு' பிளவையும் குறிக்கும். 'வெடிப்பில் வெடிப்பு' என்று எழுதிவிட்டு வாசகரை யோசிக்க விடுகிறார்கள்.

'பனி எரிமலை'யைவிடப் 'பனியுமிழி' மேல். ஆனாலும் உமிழப்படுவது நீர், சில இடங்களில் அம்மோனியா கலந்த நீராகவும் இருக்கலாம். பனியாவது பிறகு. பொருளைக் 'குளிர்க்குழம்பு' என்றும், நிகழ்வைக் 'குளிர் உமிழ்வு' என்றும், இடத்தைக் 'குளிருமிழ்வாய்' என்றும் சொல்லலாம். 'உமிழ்வாய்' முன்னிலை வினைமுற்று ஆகிவிடாதா என்று இலக்கணம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். 'எரிமலைவாய்' பழகிய காதுக்கு இது தடுக்காது.

இந்தப் பீச்சலைப் 'புகை' என்பதையும் கைவிட வேண்டும். 2015இல் காசினி 49 கி.மீ. உயரத்தில் ஊடுருவியது நீராவியும் பனித்துகளும் கலந்த பீச்சலை. அங்கே எரிந்து புகைய எதுவும் இல்லை. 1989இல் நெப்டியூனின் நிலவான டிரைட்டனில் வாயேஜர் 2 விண்கலம் கண்டதும் நைட்ரஜன் பீச்சல்தான். யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030இல்தான் வியாழனை அடையும், அதன் நிலவான யூரோப்பாவில் நீர் பீச்சுவதே இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் 'யூரோப்பாவின் பனி எரிமலைகள்' என்று தலைப்பு மட்டும் தயார்.