ஹோமியோபதி பாட்டில்ல 30, 200, 1எம்னு போட்டிருக்கே, அந்த நம்பர் எதோட கணக்கு?

ஹோமியோபதி மருந்து சாப்பிடுறவங்க பேசுறத கவனிச்சிருப்பீங்க, "மொதல்ல 30 பவர் குடுத்தாரு, கேக்கல, இப்ப 200 பவருக்கு ஏத்தியிருக்காரு"ம்பாங்க. பாராசிட்டமால் 500-ல கேக்காதவங்களுக்கு 650 குடுக்குறாங்கல்ல, அந்த பழக்கத்துல நாமளும் 200-ல மருந்து ஜாஸ்தி இருக்கும்னு தலையாட்டிட்டு போயிடுறோம். உண்மை நேர் எதிர். 30-ல இருக்குறதவிட 200-ல சரக்கு குறைவு, ரொம்ப ரொம்ப குறைவு. அந்த நம்பர் மில்லிகிராமும் இல்ல மில்லியும் இல்ல, மருந்த எத்தன தடவ தண்ணியாக்குனாங்கங்குற எண்ணிக்கை, அவ்ளோதான்.

உதாரணத்துக்கு நேட்ரம் மூர் எடுத்துக்கலாம். பேரு பெருசா இருந்தாலும் அது நம்ம சோத்து உப்பு தான், சோடியம் குளோரைடு. 1 கிராம் உப்ப 99 கிராம் தண்ணில கலக்கி நல்லா குலுக்குனா அது 1சி. அதுலேர்ந்து 1 கிராம் மட்டும் எடுத்து மறுபடி 99 கிராம் தண்ணில விட்டு குலுக்குனா 2சி. இதே மாதிரி 30 தடவ செஞ்சா 30சி. பாட்டில்ல வெறும் 30-னு எழுதியிருந்தா பெரும்பாலும் இந்த 30சி தான். நிஜத்துல ஆல்கஹால் கலந்து செய்வாங்க, கரையாத சரக்கா இருந்தா மொதல்ல பால் சர்க்கரையோட சேத்து கல்வத்துல போட்டு அரைப்பாங்க, கணக்கு என்னமோ ஒண்ணு தான்.

இப்ப எண்ணிப் பாப்போம். 1 கிராம் உப்புல சோடியமும் குளோரினும் சேந்த ஜோடி எத்தன இருக்கும்னா சுமாரா 1 போட்டு பக்கத்துல 22 சைபர். 1சி பாட்டில்ல அது அத்தனையும் இருக்கு. 2சி பாட்டில்ல 20 சைபர், 3சி-ல 18 சைபர், ஒவ்வொரு படிக்கும் ரெண்டு சைபர் காலி. 6சி வரைக்கும்கூட 12 சைபர் இருக்கு, அதாவது லட்சம் கோடி, அது பரவால்ல. 11சி வரும்போது பாட்டிலுக்கு 100 ஜோடி தான் மிச்சம். 12சி-ல ஒண்ணே ஒண்ணு. 13சி-ன்னா நூறு பாட்டில் செஞ்சா அதுல ஏதோ ஒரு பாட்டில்ல ஒரு ஜோடி மாட்டலாம், மத்த 99-லயும் ஒண்ணும் கிடையாது. இதுக்கப்புறமும் 17 படி தாண்டித்தான் 30சி வருது!

30சி-ல ஒரே ஒரு உப்பு ஜோடி கெடைக்கணும்னா 1 போட்டு 36 சைபர் போட்ட அளவுக்கு பாட்டில் வாங்கணும், அத்தனையையும் எடை போட்டா 50,000 சூரியனோட எடை வருது (நான் ரெண்டு தடவ போட்டு பாத்துட்டேன், அதே தான் வருது). 200சி-க்கு கணக்கு போடுறதுல அர்த்தமே இல்ல, 376 சைபர் வரும், நம்ம கண்ணுக்கு எட்டுற பிரபஞ்சத்துல இருக்குற மொத்த அணுவும் சேந்தே 80 சைபர் கிட்டதான்னு சொல்றாங்க. அதுக்கு மேலயும் உண்டு, 1எம்-னா ஆயிரம் தடவ, 10எம்-னா பத்தாயிரம், சிஎம்-னா லட்சம் தடவ. இத கையால செய்ய முடியாதுன்னு மெஷின் வச்சிருக்காங்க, கோர்சகோவ்-னு ஒரு ரஷ்யக்காரர் சொன்ன குறுக்கு வழியும் இருக்கு, ஒரே பாட்டில கவுத்து கொட்டிட்டு உள்பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்குற ஈரத்தையே ஒரு பங்குன்னு வச்சுக்கிட்டு திரும்ப ரொப்புறது.

எக்ஸ்-னு போட்டிருந்தா அது பத்து பத்தா போற கணக்கு, ஜெர்மனில இத டி-ன்னு போடுவாங்க. பயோகெமிக் மாத்திரை டப்பால வர்ற 6எக்ஸ் இது தான், பத்து லட்சத்துல ஒரு பங்கு, அதாவது ஒரு கிலோ மாத்திரைல 1 மில்லிகிராம். நேட்ரம் மூர் 6எக்ஸ்-ல ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம் உப்பு, ஆனா நம்ம நாட்டு குடிதண்ணி தரக்கட்டுப்பாட்டுல ஒரு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரைக்கும் குளோரைடு இருக்கலாம்னு விட்டிருக்காங்க. அந்த உப்பு மாத்திரைய போர் தண்ணில முழுங்குறவங்க எதுலேர்ந்து ஜாஸ்தி உப்பு எடுத்துக்குறாங்கன்னு நீங்களே பாத்துக்கோங்க. எல்எம்-னு ஒரு வரிசையும் இருக்கு, அதுல ஒவ்வொரு படியும் 50,000-க்கு ஒண்ணு.

சரி, சரக்கு குறைய குறைய பவர் ஏறுதுன்னு எப்பிடி வந்துச்சு? ஜெர்மன் டாக்டர் சாமுவேல் ஹானிமன் 1790-ல, கல்லன்-ங்கிறவரு எழுதுன மருந்து புஸ்தகத்த மொழிபெயர்த்துக்கிட்டு இருக்கும்போது, மலேரியாவுக்கு குடுக்குற சின்கோனா பட்டைய தானே சாப்பிட்டு பாத்தாரு, மலேரியா மாதிரியே அறிகுறி வந்துச்சுன்னு எழுதி வச்சாரு. நல்லா இருக்குறவனுக்கு எது நோவ குடுக்குதோ அதே நோவுக்கு அது மருந்துங்குற கொள்கை அதுலேர்ந்து கிளம்புனது தான். ஆரம்பத்துல அவரும் சாதாரண அளவுல தான் குடுத்தாரு. ஆனா அவர் குடுத்ததுல பாஷாணமும் (ஆர்செனிக்) பாதரசமும் உண்டே, சாப்பிட்டவங்களுக்கு நோவு இன்னும் ஜாஸ்தியாச்சு, அதனால தண்ணியாக்க ஆரம்பிச்சாரு, தண்ணியாக்க தண்ணியாக்க கெடுதல் குறைஞ்சுது. இது வரைக்கும் யாரும் ஒத்துக்கலாம். அடுத்து, ஒவ்வொரு படியிலயும் பாட்டில தோல் அட்டை போட்ட புஸ்தகத்து மேல தட்டி குலுக்குனா மருந்தோட சக்தி உசுப்பப்பட்டு ஏறும்னு சொன்னாரு பாருங்க, அங்க தான் வண்டி வேற ரோட்டுல போயிடுச்சு. வீரியப்படுத்துறதுன்னு தமிழ் ஹோமியோ புஸ்தகங்கள்ல எழுதுறது இத தான்.

அவர ரொம்ப குத்தம் சொல்லவும் முடியாது. ஒரு பொருள வெட்டிக்கிட்டே போனா ஒரு எடத்துல அது தீந்து போகும், அந்த எடம் எதுன்னு அவருக்கு தெரிய வழியே இல்ல. மூலக்கூறோட சைஸ மொத தடவ லோஷ்மிட் கணக்கு போட்டது 1865-ல, ஹானிமன் 1843-லயே பாரிஸ்ல இறந்துட்டாரு. அப்ப இருந்த மத்த வைத்தியமும் ரத்தத்த வடிச்சு விடுறது, பாதரசம் குடுத்து பேதியாக்குறதுன்னு இருந்துச்சு. 1854-ல லண்டன்ல காலரா வந்தப்ப அங்க இருந்த ஹோமியோபதி ஆஸ்பத்திரில மத்த எடத்தவிட சாவு குறைவு, அது உண்மையான பதிவு தான், ஆனா அங்க ஜெயிச்சது உருண்டையா இல்ல நோயாளிய போட்டு படுத்தாம விட்டதான்னு யோசிச்சா விடை ஓரளவு தெரிஞ்சுடும்.

மூலக்கூறே இல்லன்னு ஆனதும் தண்ணிக்கு ஞாபகம் இருக்குன்னு ஒரு பதில் வரும். 1988-ல பிரான்ஸ்ல ழாக் பென்வெனிஸ்த்-ங்கிற விஞ்ஞானி அதுக்கு ஆதாரம் இருக்குன்னு நேச்சர் பத்திரிகைல கட்டுரை போட்டாரு, பத்திரிகை ஆசிரியர் ஜான் மேடாக்ஸே மேஜிக்காரர் ஜேம்ஸ் ராண்டியையும் கூட்டிக்கிட்டு அந்த லேபுக்கு போயி, எந்த ட்யூப்ல எது இருக்குன்னு செய்றவங்களுக்கு தெரியாம மறைச்சு வச்சு திரும்ப செய்ய சொன்னாரு, ரிசல்ட் வரல. தண்ணி மூலக்கூறுங்க ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கிட்டு இருக்குற ஹைட்ரஜன் பிணைப்பு ஒரு வினாடில லட்சம் கோடில ஒரு பங்கு நேரத்துலயே உடைஞ்சு மாறிக்கிட்டே இருக்கும், அதுல எத எழுதி வைக்கிறது? அதோட அந்த தண்ணிய சர்க்கரை உருண்டைல விட்டு காய வேற வைக்கிறோம்.

எனக்கு இதவிட சுவாரசியமா பட்டது நம்ம ஐஐடி பாம்பே ஆளுங்க 2010-ல வெளியிட்டது. தங்கம், செம்பு, வெள்ளி மாதிரி உலோகத்துலேர்ந்து செஞ்ச மருந்துங்கள கடைல வாங்கி எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பாத்தாங்க, 200சி-லயும் உலோக நானோ துகள் இருக்குன்னு சொன்னாங்க. குலுக்கும்போது வர்ற நுரையோட துகளும் மேல வந்துடுது, மேலாப்புல எடுக்கும்போது அதுவும் அடுத்த பாட்டிலுக்கு போயிடுதுங்குறது அவங்க விளக்கம். ஹோமியோபதிய நம்புறவங்க இத இன்னைக்கும் வாட்ஸ்அப்ல சுத்த விடுறாங்க, ஆனா அதே ரிசல்ட்ட முழுசா படிச்சா சிக்கல் அவங்களுக்குத்தான், ஏன்னா 6சி-க்கு மேல 200சி வரைக்கும் உலோகத்தோட அளவு கிட்டத்தட்ட குறையவே இல்லங்குறது தான் அவங்க கண்டுபுடிச்சதே. அப்ப 30-ம் 200-ம் ஒரே சரக்கு தானே, "200-க்கு ஏத்தியிருக்காரு"ங்குற பேச்சுக்கே எடமில்லையே?

அடுத்து டோஸ். நாலு உருண்டையா ஆறு உருண்டையா, காலைலயா ராத்திரியான்னு கேட்டு கேட்டு சாப்பிடுவாங்க. வழக்கமான மருந்துல டோஸ்னா உடம்பு எடைக்கு இத்தன மில்லிகிராம்னு அர்த்தம், பாராசிட்டமால் பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம தாண்டுனா கல்லீரல் கெட்டுப்போகலாம், கம்மியா போட்டா காய்ச்சல் எறங்காது, அளவு மாறுனா விளைவு மாறும். ஹோமியோபதில அளவு பெருசா முக்கியமில்ல, எத்தன தடவ குடுக்குறோம்ங்குறது தான் முக்கியம்னு அவங்களே சொல்லுவாங்க. உருண்டைங்குறதே வெறும் கரும்பு சர்க்கரை, அது மேல மருந்து கரைசல கொஞ்சம் விட்டு குலுக்கிடுவாங்க, ஒவ்வொரு உருண்டைலயும் எவ்ளோ ஒட்டுச்சுன்னு யாரும் அளக்குறதில்ல. 2010 ஜனவரில பிரிட்டன்ல 10:23-னு ஒரு கூட்டம் மருந்து கடை வாசல்ல நின்னு ஆளுக்கு ஒரு பாட்டில முழுசா வாயில கொட்டிக்கிட்டாங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. 

தடுப்பூசியும் கொஞ்சூண்டு தானே குடுக்குறாங்கன்னு கேக்குறவங்க உண்டு. பெரியவங்களுக்கு போடுற ஹெபடைடிஸ் பி ஊசி ஒண்ணுல 20 மைக்ரோகிராம் புரதம் இருக்கலாம், மூலக்கூறா எண்ணுனா கோடி கோடியா இருக்கும், போட்ட பிறகு ரத்தத்துல எதிர்ப்பொருள் எவ்ளோ ஏறியிருக்குன்னு லேப்ல அளந்தே காட்டலாம். கொஞ்சம் வேற, பூஜ்யம் வேற.

அப்ப சாப்பிட்டவங்களுக்கு சரியாகுதே? சளி, அலர்ஜி, மூட்டு வலி எல்லாம் ஏறி எறங்குற சமாச்சாரம், உச்சத்துல இருக்கும்போது தான் டாக்டர தேடுறோம், அதுக்கப்புறம் எறங்கத்தான் செய்யும், கூடவே ஒரு மணி நேரம் உக்காந்து பொறுமையா கேக்குற டாக்டர் கெடைச்சா பாதி பாரம் கொறையும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா ஆஸ்திரேலிய அரசோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் இருந்த ஆய்வையெல்லாம் அலசி, எந்த நோய்க்குமே ஹோமியோபதி பலன் தருதுன்னு நம்பகமான ஆதாரம் இல்லன்னு 2015-ல சொல்லிடுச்சு. 2020-ல ஆயுஷ் அமைச்சகம் கொரோனாவுக்கு முன்தடுப்பா ஆர்செனிகம் ஆல்பம் 30 சாப்பிடலாம்னு சொன்னப்ப, "ஐயோ பாஷாணமாச்சே"ன்னு பயந்தவங்களும் உண்டு, தெம்பா வாங்கி சாப்பிட்டவங்களும் உண்டு. 30-ல பாஷாணம் இல்ல, அதனால பயமும் வேணாம், தெம்பும் வேணாம்.

பயப்பட வேண்டியது சின்ன நம்பருக்கு. கியூ-ன்னு போட்ட மதர் டிங்சர் (தண்ணியாக்குறதுக்கு முன்னாடி இருக்குற மூல கரைசல்), 1எக்ஸ், 2எக்ஸ், 3எக்ஸ், இதுல எல்லாம் மூலப்பொருள் நிஜமாவே இருக்கு. நக்ஸ் வாமிகா-ங்கிறது நம்ம எட்டி மரம், அந்த கொட்டைல இருக்குறது ஸ்ட்ரிக்னின் விஷம், 200-ல எத்தன உருண்டை தின்னாலும் விஷம் ஏறாது ஆனா கியூ-வ சொட்டு கணக்கில்லாம ஊத்திக்கிட்டா அது மருந்தில்ல. அமெரிக்காவுல ஜைகாம்-னு சளிக்கு மூக்குல போடுற ஜெல் ஒண்ணு ஹோமியோபதி லேபிளோட வந்துச்சு, துத்தநாகம் 2எக்ஸ், போட்டவங்கள்ல பல பேருக்கு வாசனையே தெரியாம போயி 2009-ல அந்த நாட்டு மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை குடுத்துச்சு. கொழந்தைக்கு பல் மொளைக்கும்போது குடுக்குற மாத்திரைல பெல்லடோனா அளவு மாத்திரைக்கு மாத்திரை மாறி, சிலதுல லேபிள்ல போட்டதவிட ரொம்ப ஜாஸ்தியா இருந்தத 2017-ல அதே எஃப்டிஏ சோதிச்சு சொல்லுச்சு. மதர் டிங்சர்ல ஆல்கஹாலும் நல்லாவே இருக்கும், அதனால கொழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ கல்லீரல் கோளாறு இருக்குறவங்களுக்கோ ஹோமியோ தானேன்னு குடுக்குறதுக்கு முன்னாடி பாட்டில திருப்பி நம்பர பாருங்க, பக்கத்துல இருக்குறது சி-யா எக்ஸா கியூவான்னும் பாருங்க.