ஆல்ரவுண்டர்: ஒரு சொல்லும் தேர்வுக்குழுவின் கணக்கும்

பேட்டிங், பந்துவீச்சு இரண்டையும் காட்டி அணியில் இடம் கேட்கக்கூடிய ஆட்டக்காரரே ஆல்ரவுண்டர். பேட்டும் பிடிப்பார், பந்தும் போடுவார் என்பது மட்டும் போதாது. சச்சின் டெண்டுல்கர் 200 டெஸ்டில் 46 விக்கெட் எடுத்தவர்; அவரை யாரும் டெஸ்ட் ஆல்ரவுண்டர் என்று சொன்னதில்லை. அவர் பந்தே போடாவிட்டாலும் அந்த இடம் அவருடையதுதான். பந்து போட்டதால் வேறொருவர் கூடுதலாக உள்ளே வரவும் இல்லை. ஆட்டக்காரரின் திறமையைவிட, அணிப் பட்டியலில் அவர் அடைக்கும் கட்டத்தைக் குறிப்பதாகவே இந்தச் சொல்லைக் கொள்ள வேண்டும்.

எல்லாப் பக்கமும், சுற்றிலும் என்று பொருள்படும் 'ஆல் ரவுண்ட்' என்ற ஆங்கிலத் தொடரிலிருந்து வந்த பெயர் இது. 19ஆம் நூற்றாண்டில், கழுத்தைச் சுற்றி ஒரே உயரத்தில் நிற்கும் விறைப்பான சட்டைக் காலருக்கும் இதே பெயர் இருந்தது. காலர் வழக்கொழிந்தது, ஆட்டக்காரர் தங்கிவிட்டார். அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் இதற்கு ஓர் அளவுகோலும் உருவானது. ஒரே பருவத்தில் 1,000 ரன்னும் 100 விக்கெட்டும் எடுப்பதை 'டபுள்' என்றார்கள். முதலில் அதைச் செய்தவர் டபிள்யூ. ஜி. கிரேஸ், ஆண்டு 1873. பீல்டிங் அப்போதும் இந்தக் கணக்கில் சேரவில்லை, இப்போதும் சேர்வதில்லை. விக்கெட் கீப்பர் சதமாக அடித்துக் குவித்தாலும் வழக்கில் அவர் ஆல்ரவுண்டர் ஆவதில்லை. பெயரில்தான் 'எல்லாம்' இருக்கிறது. நடைமுறையில் கேட்பது இரண்டு துறைதான்.

இப்போது பட்டியலுக்கு வருவோம். எதிரணி தன் இன்னிங்ஸை நடுவிலேயே முடித்துக்கொள்வதாக அறிவித்தால் (டிக்ளேர்) ஒழிய, டெஸ்டை வெல்ல 20 விக்கெட் வீழ்த்த வேண்டும். ஒரு நாளைக்கு 90 ஓவர். நான்கு பேர் மட்டும் பந்து போட்டால் ஆளுக்கு 22, 23 ஓவர் விழும். ஐந்து பேர் என்றால் 18. வேகப்பந்து வீச்சாளருக்கு அந்த நான்கைந்து ஓவர் வித்தியாசம் மாலை நேரத்தில் தெரியும். புதுப் பந்து 80 ஓவர் முடிந்தபின்தான் கிடைக்கும். அதற்கு முந்தைய 30 ஓவரில் பந்து பழசாகி, காற்றில் வளைந்து போகும் ஸ்விங்கும் குறைந்து, முதன்மை வீச்சாளர்களும் களைத்திருப்பார்கள். ஆட்டம் கைநழுவுவது பெரும்பாலும் அங்கேதான். ஐந்தாவது வீச்சாளரின் தேவையும் அங்கேதான்.

ஆனால் ஐந்து வீச்சாளர், ஒரு கீப்பர் போக மீதி ஐந்தே இடம். கீப்பரையும் சேர்த்தால் ஆறு பேட்ஸ்மேன். பேட்டிங்கில் பலவீனமான கடைசி ஆட்டக்காரர்களின் வரிசை, அதாவது 'வால்', ஏழாம் இடத்திலேயே தொடங்கிவிடும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஆல்ரவுண்டரைத் தேடுகிறார்கள். தேர்வுக்குழு பொதுவாகப் பதினைந்து பேர் அளவிலான அணியைக் கொடுக்கிறது; ஆடும் லெவனைக் கேப்டனும் பயிற்சியாளரும் பிட்சைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஆறாம், ஏழாம், எட்டாம் இடங்களில் யார் என்பதுதான் கடைசிவரை இழுபறியாக இருக்கும்.

2018 டிசம்பரில் பெர்த்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். சுழற்பந்து வீச்சாளர் அஷ்வினுக்குக் காயம். இந்தியா இஷாந்த், பும்ரா, ஷமி, உமேஷ் என நான்கு வேகங்களோடு இறங்கியது. தேர்ந்த சுழலரும் இல்லை, ஆல்ரவுண்டரும் இல்லை. பகுதிநேர ஆஃப் ஸ்பின்னரான ஹனுமா விஹாரி அந்த வேலையைப் பார்க்க வேண்டியதாயிற்று. அதே பிட்சில் ஆஸ்திரேலியாவின் நேதன் லயன் 8 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். இந்தியா 146 ரன்னில் தோற்றது. வீச்சாளர்கள் மோசமாகப் போட்டதாகச் சொல்ல முடியாது. பட்டியல்தான் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

இதற்கு எதிர்ப்பக்கம் 2021 ஜனவரி, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன். பும்ரா, அஷ்வின், ஜடேஜா மூவரும் காயத்தில் வெளியே. இருந்தும் இந்தியா ஐந்து வீச்சாளர்களோடு ஆடியது. முதல் இன்னிங்ஸில் எட்டு ஓவர் முடிவதற்குள் சைனி காயத்தால் ஒதுங்கினார். நான்கு பேரோடு இறங்கியிருந்தால் மூவராகச் சுருங்கியிருக்கும். அறிமுக ஆட்டத்திலேயே வாஷிங்டன் சுந்தர் 3 விக்கெட் எடுத்தார். நடராஜனுக்கும் ஷர்துல் தாக்கூருக்கும் தலா 3. பிறகு இந்தியா 186 ரன்னுக்கு 6 விக்கெட் இழந்த நிலையில் சுந்தர் 62, தாக்கூர் 67 என அடித்து 123 ரன் சேர்த்தார்கள். ஆஸ்திரேலியாவுக்கு மிஞ்சிய முன்னிலை 33 ரன்தான். அந்த ஜோடி இல்லாவிட்டால் கடைசி நாளில் 328 ரன்னைத் துரத்தி வென்றிருக்கும் பேச்சே இல்லை.

சொந்த மண்ணில் இந்தியாவுக்கு இந்தச் சிக்கல் நெடுங்காலம் தெரியாமலே போனது. அஷ்வின், ஜடேஜா இருவரும் ஒன்றாக ஆடியதுதான் காரணம். 2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக 144 ரன்னுக்கு 6 விக்கெட். அங்கிருந்து இருவரும் 199 ரன் சேர்த்தார்கள்: அஷ்வின் 113, ஜடேஜா 86. இரண்டாம் இன்னிங்ஸில் அஷ்வினுக்கு 6 விக்கெட். இந்தியா 280 ரன்னில் வென்றது. ஆனால் ஒரே ஒரு சுழலருக்கு இடம் என்றால் கணக்கு மாறிவிடும். 2021இல் இங்கிலாந்து மண்ணில் இங்கிலாந்துக்கு எதிராக அந்த ஆண்டு நடந்த நான்கு டெஸ்டிலும் அஷ்வின் வெளியே உட்கார்ந்தார். அதிக விக்கெட் எடுத்தவரை விட்டுவிட்டு, ஏழாம் இடத்தில் கூடுதல் ரன் தருவார் என்று ஜடேஜாவை எடுத்தார்கள். முதல் துறையில் சிறந்தவரை இரண்டாம் துறை தள்ளிவைக்கும் இந்த வழக்கம் எப்போதும் சரி என்று சொல்லத் தோன்றவில்லை.

யார் உண்மையான ஆல்ரவுண்டர் என்று பார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. பேட்டிங் சராசரியிலிருந்து (ஒருமுறை அவுட் ஆவதற்குள் எடுக்கும் ரன்) பந்துவீச்சு சராசரியை (ஒரு விக்கெட்டுக்குக் கொடுக்கும் ரன்) கழிக்க வேண்டும். மிச்சம் வந்தால் அவர் எடுக்கும் விக்கெட்டின் விலையைவிட அவர் விக்கெட்டின் விலை அதிகம். கபில் தேவ்: 31.05, 29.64; மிச்சம் 1.41. அஷ்வின்: 25.75, 24.00, மிச்சம் 1.75. மேற்கிந்தியத் தீவுகளின் சோபர்ஸ்: 57.78, 34.03, மிச்சம் 23.75. தென்னாப்பிரிக்காவின் காலிஸ்: 55.37, 32.65; மிச்சம் 22.72. கடைசி இருவர்தான் உச்சம் என்பதில் தகராறு இல்லை. ஆனால் இந்தக் கணக்கு பேட்ஸ்மேன் பக்கம் சாய்ந்தது. எத்தனை விக்கெட் என்று அது கேட்பதில்லை. டெஸ்டுக்கு சராசரியாகக் காலிஸ் 1.8 விக்கெட், சோபர்ஸ் 2.5, கபில் 3.3, அஷ்வின் 5.1. ஆகவே மிச்சத்தை மட்டும் பார்த்து அணியை எடுத்தால் 20 விக்கெட் வராது. 400 விக்கெட்டும் 5,000 ரன்னும் டெஸ்டில் சேர்த்து எடுத்தவர் கபில் ஒருவர்தான், மிச்சம் 1.41 என்ற எண் அதைச் சொல்லாது.

அவருக்குப் பின் இந்தியாவுக்கு நிலைத்த வேகப்பந்து ஆல்ரவுண்டர் அமையாததற்கு உடல்தான் முதல் காரணம். ஒரு நாளில் 15 ஓவர் வேகம் போட்டுவிட்டு மறுநாள் மூன்று மணி நேரம் பேட் பிடிப்பது, அதையும் ஐந்து டெஸ்ட் தொடர் முழுக்கச் செய்வது, முதுகெலும்பை வாங்கிவிடும். டி20இல் நான்கு ஓவரோடு வேலை முடிகிறது. ஹர்திக் பாண்டியா 2017, 2018 இரண்டு ஆண்டுகளில் 11 டெஸ்ட் ஆடியதோடு சரி. 2019இல் முதுகில் அறுவை சிகிச்சை. இன்னொரு தவறு கேப்டன் பக்கத்தது. ஐந்தாவது வீச்சாளர் என்று எடுத்துவிட்டு, 90 ஓவரில் ஐந்தாறு ஓவர் மட்டும் கொடுத்தால் அவர் எட்டாம் இடத்துப் பேட்ஸ்மேன்தான். அந்த இடத்துக்கு ஒரு முழு பேட்ஸ்மேனோ முழு வீச்சாளரோ வந்திருக்கலாம். எந்தத் துறையாலும் தனியாக இடம் பிடிக்க முடியாதவரை எடுப்பதும் இதே வகைதான். நம்மூரில் அதற்கு 'இரண்டுங்கெட்டான்' என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது.

தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டு நாளிதழ்கள் பெரும்பாலும் 'ஆல்ரவுண்டர்' என்றே எழுதுகின்றன. இலங்கைத் தமிழ் இதழ்களில் 'சகலதுறை ஆட்டக்காரர்', 'சகலதுறை வீரர்' நன்றாக வேரூன்றியவை. அங்கே வழங்கும் துடுப்பாட்டம், களத்தடுப்பு போன்ற கிரிக்கெட் சொற்களின் வரிசையில் இயல்பாக உட்காருகின்றன. 'பன்முக ஆட்டக்காரர்', 'பல்துறை வீரர்' ஆகியவையும் உண்டு. 'சகல' வடசொல், கூறுகள் யாவும் உடைய என்பது பொருள். 'துறை' தமிழ்ச்சொல். முதலில் ஆற்றில் இறங்கும் இடம், பிறகு இலக்கணத்தில் திணையின் உட்பிரிவு, அதன்பின் கல்வி, தொழில் கிளை. ஒரு கலையில் கரை கண்டவரைத் 'துறைபோகியவர்' என்பது பழைய வழக்கு. தேர்வுக்குழு கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: எத்தனை துறையில் கால் நனைத்தார் என்பது இரண்டாம் பட்சம், எந்தத் துறையில் துறைபோனார் என்பது முதலில்.

பொதுச் செய்திக்குச் 'சகலதுறை ஆட்டக்காரர்' போதும். தலைப்புகளில் சிலர் போடும் 'சகலகலா வல்லவர்' புகழுரைக்கு ஆகும், பட்டியலுக்கு ஆகாது. துல்லியம் வேண்டுமென்றால் 'இருதுறை ஆட்டக்காரர்' என்பதை நான் முன்மொழிவேன். 'பேட்டிங் ஆல்ரவுண்டர்', 'பவுலிங் ஆல்ரவுண்டர்' என்ற பிரிவை மொழிபெயர்க்கும்போது வேறுபாடு தெரியும். 'பந்துவீச்சுச் சகலதுறை ஆட்டக்காரர்' என்றால் எல்லாத் துறையும் என்று சொன்ன வாயாலேயே ஒன்றைப் பிரித்துச் சொல்வதாகிறது. 'பந்துவீச்சை முதலாகக் கொண்ட இருதுறை ஆட்டக்காரர்' நீளம்தான், ஆனால் முரண் இல்லை. அஷ்வினை அப்படியும் காலிஸைப் 'பேட்டிங்கை முதலாகக் கொண்டவர்' என்றும் எழுதலாம்.