நாயை அனுமதிப்பார்கள், அதன் தீனிப் பையை அல்ல

வளர்ப்பு நாயுடன் வேறொரு நாட்டுக்குப் புறப்பட்டு, எல்லையில் திருப்பி அனுப்பப்படுபவர்களில் பெரும்பாலோர் எதையும் மறைத்தவர்கள் அல்லர். கேட்ட தாள்களையெல்லாம் வாங்கி, கேட்ட கட்டணத்தையெல்லாம் செலுத்தியும், வரிசை மாறிச் செய்த ஒரே காரணத்தால் அவர்கள் அலைக்கழிக்கப்படுவதைப் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

விதிகளின் நோக்கம் ரேபீஸ் நோயைத் தடுப்பது. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. சிக்கல் தேதிகளில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி முதலில் மைக்ரோசிப் (நாயின் தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு), அதற்குப் பிறகுதான் ரேபீஸ் தடுப்பூசி; ஒரே நாளில் இரண்டையும் செய்யலாம், ஆனால் சிப் பொருத்துவதற்கு முன் போட்ட ஊசி எத்தனை உண்மையானதாக இருந்தாலும் கணக்கில் வராது. முதல் ஊசிக்குப் பின் 21 நாள் காத்திருக்க வேண்டும். ரேபீஸ் ஆபத்து குறைவு என்று அந்த ஒன்றியம் பட்டியலிட்டிருக்கும் நாடுகளில் சேராத நாட்டிலிருந்து வருபவர்கள் கூடுதலாக, ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து நாயின் இரத்தத்தை எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பி, எதிர்ப்புத்திறன் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையவில்லை என்று காட்டி, இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்தே நுழைய முடியும். அருகிலுள்ள ஆய்வகத்தின் அறிக்கை போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதன் பெயர் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஜப்பானில் இந்தக் காத்திருப்பு பல நாடுகளிலிருந்து வரும் நாய்களுக்கு 180 நாள். அமெரிக்காவோ 2024 ஆகஸ்டு முதல் ஆறு மாதம் நிறையாத குட்டியை உள்ளேயே விடுவதில்லை.

அடுத்த ஊசியின் தேதியை ஒரு நாள் தவறவிட்டாலும் புதிதாகப் போட்ட ஊசி முதல் ஊசியாகவே கருதப்பட்டு, கணக்கு மறுபடி தொடங்கக்கூடும். பயணத்துக்கு நடுவில் அந்தத் தேதி வருகிறதா என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

சுகாதாரச் சான்றிதழில் உங்கள் வழக்கமான மருத்துவரின் கையெழுத்து மட்டும் பெரும்பாலும் செல்லாது. அரசு கால்நடை மருத்துவரின் ஒப்பமோ மேலொப்பமோ வேண்டும். ஐரோப்பாவுக்கு அது நுழைவதற்கு முந்தைய பத்து நாளுக்குள் பெற்றதாக இருக்க வேண்டும் என்பதால், விடுமுறை நாள்களையும் அதிகாரி வெளியூர் போயிருக்கும் நாள்களையும் கணக்கில் வைத்தே முன்பதிவு செய்யுங்கள். விமான நிறுவனம் தூதரகத்தைக் கேட்கச் சொல்லும். தூதரகம் இணைய முகவரி ஒன்றைத் தரும். முகவரோ எல்லாம் சரியாகிவிடும் என்பார். சேருமிடத்து கால்நடைத் துறைக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதி, வரும் பதிலை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். வாய்ச்சொல்லை எந்தக் கவுன்டரிலும் காட்ட முடியாது.

நீங்கள் ஒரு நாளும் நாய் வேறொரு நாளும் பயணம் செய்தால், இடைவெளி ஐந்து நாளைத் தாண்டியதும் ஐரோப்பாவில் அது வணிக இறக்குமதியின் விதிகளுக்குள் போய்விடும். திரும்பி வருவதற்கான அனுமதியையும் புறப்படும் முன்பே விசாரியுங்கள். சொந்த நாடு தன் நாயை எப்படியும் ஏற்கும் என்பது தவறான நம்பிக்கை.

இனி தீனி. நாயின் தாள்களை மாதக்கணக்கில் சேர்த்தவர்கள்கூட, பையில் இருக்கும் இறைச்சி பிஸ்கட்டை மறந்துவிடுகிறார்கள். இறைச்சியும் பாலும் கலந்த உணவு கால்நடை நோய்களைக் கொண்டுவரும் என்பதால் அதற்குத் தனி விதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், பெரும்பாலான வெளிநாடுகளிலிருந்து அத்தகைய சாதாரண நாய் உணவைப் பயணப் பையில் கொண்டுவரக் கூடாது. மருத்துவக் காரணத்துக்கான சிறப்பு உணவு மட்டும் இரண்டு கிலோ வரை, குளிர்பதனம் தேவைப்படாததாகவும் நிறுவனத்தின் உறையிலும் இருந்தால் அனுமதிக்கப்படும். டப்பாவில் கொட்டி எடுத்துச் சென்றால் அந்தச் சலுகையும் போய்விடும். கையில் எது இருந்தாலும் சுங்கத்தில் சொல்லிவிடுங்கள். சொன்னால் உணவு போகும், மறைத்தால் அபராதமும் சேரும்.

சேருமிடத்தில் கிடைக்கும் உணவு எது என்று முன்பே அறிந்து, புறப்படுவதற்கு முந்தைய ஏழு முதல் பத்து நாளில் பழைய உணவோடு சிறிது சிறிதாகக் கலந்து பழக்கிவிடுங்கள். திடீரென்று உணவை மாற்றி வயிற்றுப்போக்கோடு இறங்கும் நாயை, எல்லையில் இருக்கும் மருத்துவர் நோயுற்ற நாயாகவே பார்ப்பார்.