வைஃபையில் குரலுக்கு முன்னுரிமை: எங்கே பிசகுகிறது?

"நெட் வேகமாகத்தான் இருக்கிறது, ஆனால் பேசினால் மட்டும் குரல் விட்டுவிட்டு வருகிறது." நெட்வொர்க் வேலையில் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். பலர் உடனே பெரிய பிளானுக்கு மாறிவிடுகிறார்கள். அதனால் பெரும்பாலும் பலன் இருப்பதில்லை, காசுதான் போகிறது.

குரலுக்கு வேண்டிய வேகம் மிகக் குறைவு. குரலை டிஜிட்டலாக மாற்றும் ஜி.711 முறையில் ஓர் அழைப்பின் குரலுக்கு 64 கேபிபிஎஸ் போதும். ஆனால் வழக்கமாக 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் (சிறு தரவுத் துண்டு) கிளம்பும். அது நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பெரிய ஃபைல் டவுன்லோட் அரை நொடி தாமதித்தால் யாருக்கும் தெரியாது. குரல் தாமதித்தால் பேச்சே குழம்பிவிடும்.

வைஃபையில் ஒரு சானலில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் அனுப்ப முடியும். மற்றவை காத்திருந்து, குத்துமதிப்பாக ஓர் எண்ணைத் தேர்ந்து, அதுவரை எண்ணி முடித்த பிறகே அனுப்பும். 2005இல் வந்த 802.11இ என்ற வைஃபை தரம் இந்தக் காத்திருப்பைத்தான் மாற்றியது. ரவுட்டரில் 'டபிள்யூஎம்எம்' என்ற பெயரில் இருப்பது அதன் வழிவந்ததுதான். குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என நான்கு வரிசைகள். குரல் வரிசை 0 முதல் 3க்குள் ஓர் எண்ணை எடுக்கும். சாதாரண வரிசை 0 முதல் 15க்குள் எடுக்கும். சிறிய எண் என்பதால் குரல் பெரும்பாலும் முந்திவிடும். பெரும்பாலும்தான், எப்போதும் அல்ல.

இதைப் புரிந்துகொள்ளாமல் எல்லாவற்றையும் குரல் வரிசையில் போட்டுவிடுவது பெரிய ஆபத்து. இருபது கருவிகள் 0 முதல் 3க்குள் எண் எடுத்தால் ஒரே எண் பலருக்கும் விழும். பாக்கெட்டுகள் மோதும், மறுபடி அனுப்ப வேண்டிவரும். முன்னுரிமை கொடுக்காமலே இருந்திருக்கலாம் என்ற நிலை வரும். குரல் வரிசையில் குரலை மட்டும் வையுங்கள்.

அப்புறம், அதிகம் பேர் கவனிக்காத ஒரு பிசகு. குரல் பாக்கெட்டில் வழக்கமாக 'டிஎஸ்சிபி 46' என்ற முன்னுரிமை அடையாளம் இருக்கும். பல கருவிகள் அதன் முதல் மூன்று பிட்டுகளை மட்டும் பார்த்து 5 என்று எடுத்துக்கொள்கின்றன. வைஃபையின் முன்னுரிமை எண்களில் 5 என்றால் வீடியோ வரிசை! குரலுக்கு 6 வேண்டும். 2018இல் வந்த ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தர ஆவணம் இதைத் தெளிவாகவே பரிந்துரைக்கிறது. ஆனாலும் செட்டிங்கில் எல்லாம் பச்சையாகக் காட்டும் இடங்களில்கூட, குரல் வீடியோவோடு முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறேன்.

ரவுட்டரில் என்ன மாற்றினாலும், அது ரவுட்டரிலிருந்து கருவிக்குப் போகும் பாக்கெட்டுகளைத்தான் நேரடியாகப் பாதிக்கும். கருவியிலிருந்து மேலே வரும் குரலை எந்த வரிசையில் போடுவது என்பது அந்தக் கருவியின் முடிவு. "அவர் பேசுவது கேட்கிறது, நான் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை" என்றால் போனையோ லேப்டாப்பையோ பாருங்கள்.

டபிள்யூஎம்எம்மை அணைத்தால் வேகம் கூடும் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். 802.11என் என்ற வைஃபை தரத்தின் வேகங்களுக்கு அது கட்டாயம். அணைத்தால் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது.

வைஃபை சரியாக இருந்தும் பேச்சு தடுமாறினால், நெரிசல் இணைய இணைப்பில் இருக்கலாம். யாராவது பெரிய ஃபைலை அப்லோட் செய்யும்போது மட்டும் குரல் கெடுகிறதா? அப்படியென்றால் ரவுட்டரின் வரிசையில் பாக்கெட்டுகள் தேங்குகின்றன. இந்தத் தேக்கத்தைக் குறைக்கும் 'எஸ்கியூஎம்' வசதி இருந்தால் அதை இயக்கி, வேக வரம்பை உங்கள் உண்மையான வேகத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். வைஃபை முன்னுரிமையால் இதைத் தீர்க்க முடியாது.

சந்தேகமிருந்தால், ஓர் அழைப்பு நடக்கும்போதே காற்றில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்து வயர்ஷார்க் என்ற பாக்கெட் ஆய்வு மென்பொருளில் திறந்து, கியூஓஎஸ் (முன்னுரிமை) பகுதியில் 6 இருக்கிறதா என்று பாருங்கள். போகும் திசை, வரும் திசை இரண்டையும் பார்க்க வேண்டும்.