கம்ப்யூட்டர்: உயர்திணையாய் இருந்த சொல்

கம்ப்யூட்டர் (பெயர்ச்சொல்): 1. கணக்குப் போடுவதையே வேலையாகக் கொண்டவர். 2. கணினி.

இரண்டாவது பொருள் நம் எல்லோருக்கும் தெரியும். முதல் பொருளுக்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் இங்கே விஷயம். அதற்கு முதலில் வர்ஜீனியா மாநிலத்து ஹாம்ப்டன் நகரில் கணக்குப் போட்ட சில கறுப்பினப் பெண்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களைத் தமிழில் எழுதப் போகும்போதுதான் இந்தச் சொல் இடறுகிறது.

சொல்லின் வேர் லத்தீன். 'கோம்' என்றால் சேர்த்து; 'புத்தாரே' என்றால் கணக்கிடு. அந்தப் 'புத்தாரே'வுக்கு அதற்கும் முந்தைய பொருள் கொடியையும் மரத்தையும் கிளை கழித்துச் சீராக்குவது. தமிழ்க்காரருக்கு இது உடனே பிடிபடும்; நாமும் மரத்தில் கிளையைக் கழிக்கிறோம், கணக்கிலும் கழிக்கிறோம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் அச்சில் முதலில் தென்படுவது 1613-இல். அன்று அது ஆளைக் குறித்தது. அதன்பிறகு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முதன்மையாக ஆளைத்தான் குறித்தது. வானியல் நிலையங்களில் கம்ப்யூட்டர்கள் இருந்தார்கள். 'இருந்தன' அல்ல, இருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹார்வர்ட் வானாய்வகத்தில் விண்மீன்களின் படத்தட்டுகளைப் படித்துக் கணக்கெடுத்த பெண்களுக்கு அதுதான் பெயர். 1936-இல் ஆலன் டூரிங் தம் புகழ்பெற்ற கட்டுரையில் கம்ப்யூட்டர் என்று எழுதியபோதும் மனதில் வைத்தது தாளில் கணக்குப் போடும் ஒரு மனிதரை. அவரை 'அவன்' என்றே ஆண்பாலில் சுட்டுகிறார். பெண்கள் நிறைந்திருந்த வேலைக்கு ஆண்பால் சுட்டு!

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் கணக்கு உழைப்பை அளக்க 'கிலோகேர்ள்' என்றுகூட ஓர் அலகு பேசப்பட்டது. ஆயிரம் மணி நேரப் பெண் உழைப்பு என்பது அதன் பொருள். குதிரைத்திறன் மாதிரி பெண்திறன். கேலியாகச் சொன்னார்களோ, மெய்யாகவே சொன்னார்களோ, அந்த வேலையை யார் தலையில் கட்டியிருந்தார்கள் என்பதற்கு அந்த ஒரு சொல்லே போதும்.

இனி ஹாம்ப்டனுக்குப் போவோம். நாசாவுக்கு முன்னோடியாக இருந்த அரசு அமைப்பு என்.ஏ.சி.ஏ. அதன் லாங்லி ஆய்வுக்கூடம் அங்கே இருந்தது. விமான இறக்கைகளைக் காற்றுச் சுரங்கத்தில், அதாவது வேகமாகக் காற்றைச் செலுத்தும் குழாய் போன்ற கூடத்தில், வைத்துச் சோதிப்பார்கள். அங்கே 1935-இல் முதன்முதலாகப் பெண்களைக் கணக்குப் போட வைத்தார்கள். எல்லோரும் வெள்ளையர். பொறியாளர்களைவிட இந்தப் பெண்கள் வேகமாகவும் பிழையின்றியும் கணக்குப் போடுகிறார்கள் என்று ஆய்வுக்கூடத்தின் 1942-ஆம் ஆண்டுக் குறிப்பே ஒப்புக்கொள்கிறது.

கறுப்பினப் பெண்களுக்குக் கதவு திறந்தது சும்மா அல்ல. ஏ. பிலிப் ராண்டால்ஃப் என்ற தொழிற்சங்கத் தலைவர், கறுப்பினத் தொழிலாளர்களைத் திரட்டி வாஷிங்டனை நோக்கிப் பேரணி வருவேன் என்று நெருக்கினார். 1941 ஜூன் 25 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 8802-ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். பாதுகாப்புத் தொழில்களிலும் அரசு வேலைகளிலும் இனப் பாகுபாடு கூடாது என்றது அது. 1943-இல் லாங்லி கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்தது. ஆனால் வர்ஜீனியாவின் இனப்பிரிவினைச் சட்டம் அப்படியே இருந்ததே! ஆகவே தனிக் கட்டடம், தனிக் கழிப்பறை, உணவகத்தில் தனி மேசை. பிரிவுக்குப் பெயர் 'வெஸ்ட் ஏரியா கம்ப்யூட்டிங்', மேற்குப் பகுதிக் கணிப்புப் பிரிவு. வந்தவர்களில் பலர் பள்ளி ஆசிரியைகளாக இருந்தவர்கள், பட்டதாரிகள்.

வேலை எப்படி நடந்தது? சுரங்கத்தில் நிற்கும் மாதிரி இறக்கையின் மேல் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய் திரவம் நிரம்பிய அழுத்தமானிக்குப் போகும். காற்று அடிக்கும்போது திரவ மட்டம் ஏறி இறங்குவதைப் படம் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் படச்சுருளைப் பார்த்து ஒவ்வொரு குழாயின் மட்டத்தையும் வாசித்து, கட்டம் போட்ட பெரிய தாளில் நிரப்புவது கணிப்பாளரின் வேலை. பத்திகளின் தலையில் பொறியாளர் சூத்திரத்தை எழுதியிருப்பார்: இந்தப் பத்தியை அந்தப் பத்தியால் பெருக்கு, வந்ததை இன்னொன்றால் வகு. ஃப்ரைடன், மன்ரோ நிறுவனங்களின் மேசைக் கணக்குப்பொறிகள் நாள் முழுக்கக் கடகடத்துக்கொண்டே இருக்கும். ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்ப்பார். கடைசியில் புள்ளிகளை வைத்து, வளைகோலால் இணைத்து வரைபடம் ஆக்கினால் அது பொறியாளரின் அறிக்கைக்குள் போய்விடும். அட்டையில் பொறியாளரின் பெயர் இருக்கும். தாள் நிரப்பியவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது.

உணவகத்தில் பின்பக்கமாக இருந்த ஒரு மேசையில் சிறு அட்டை ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். 'கலர்ட் கம்ப்யூட்டர்ஸ்' என்று எழுதியிருந்தது. இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'வண்ணக் கணினிகள்' என்று வரும். கடைவாசலில் ஏதோ விற்பனைப் பலகை தொங்குவது போல இருக்கும். 'கலர்ட்' என்பது அந்தக் காலத்து வெள்ளை நிர்வாகம் கறுப்பினத்தவருக்கு ஒட்டிய முத்திரை. 'கம்ப்யூட்டர்ஸ்' என்பது அவர்களின் பதவிப் பெயர். அந்தப் பெண்களில் ஒருவர் மிரியம் மான், உருவத்தில் சிறியவர். ஒரு நாள் அந்த அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சில நாளில் புது அட்டை வந்தது. அதையும் எடுத்தார். மறுபடி வந்தது, மறுபடி எடுத்தார். வேலை போய்விடும் என்று வீட்டில் கணவர் பயந்தார். கடைசியில் அட்டை வைப்பவர்தான் சலித்துப்போனார்.

டோரத்தி வான் 1943 டிசம்பரில் சேர்ந்தார். ஃபார்ம்வில் ஊரில் கணக்கு ஆசிரியை. போர் முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்ற நினைப்பில் வந்தவர், 1971 வரை அங்கேயே இருந்தார். 1949-இல் மேற்குப் பிரிவின் தலைமை அவரிடம் வந்தது. அந்த அமைப்பில் மேற்பார்வையாளரான முதல் கறுப்பினத்தவர் அவரே. இயந்திரங்கள் வரப்போகின்றன என்று தெரிந்ததும் ஃபோர்ட்ரான் நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு, தன் கீழ் வேலை பார்த்தவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். கம்ப்யூட்டராக இருந்தவர் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதினார் என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லை இரண்டு முறை போட்டு எழுதிவிடலாம். தமிழில் முடியாது. இப்படி முடியாமல் போவது நல்லதுக்குத்தான், காரணம் பிறகு.

மேரி ஜாக்சன் 1951-இல் வந்தார். கிழக்குப் பக்கம் வேலைக்கு அனுப்பிய இடத்தில் கழிப்பறை எங்கே என்று கேட்டதற்கு அங்கிருந்த வெள்ளைப் பெண்கள் சிரித்தார்கள். (2016-இல் வந்த ஹாலிவுட் படத்தில் இந்த அவமானத்தைக் கேத்தரின் ஜான்சன் தலையில் வைத்து மழையில் ஓடவிட்டிருப்பார்கள். நடந்தது மேரிக்கு.) கொதித்துப்போய் மேரி புலம்பியதைக் கேட்ட காசிமியர் சார்னெக்கி என்ற பொறியாளர், என்னிடம் வந்து வேலை பாருங்கள் என்றார். பொறியாளர் ஆவதற்கான வகுப்புகள் வெள்ளையர் பள்ளிக் கட்டடத்தில் நடந்தன. அங்கே உட்காருவதற்கே நகர நிர்வாகத்திடம் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. வாங்கினார், படித்தார். 1958-இல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர் ஆனார். இன்று வாஷிங்டனில் உள்ள நாசா தலைமையகக் கட்டடத்துக்கு அவர் பெயர்தான்.

கேத்தரின் ஜான்சன் 1953-இல் மேற்குப் பிரிவில் சேர்ந்து, இரண்டே வாரத்தில் விமானப் பறப்பு ஆய்வுப் பிரிவுக்குப் போனார். பொறியாளர்களின் கூட்டத்துக்குப் பெண்கள் போகும் வழக்கம் இல்லை என்றார்கள். 'அதற்குத் தடையாகச் சட்டம் ஏதும் இருக்கிறதா?' என்று கேட்டார். இல்லை, போனார். 1960-இல் டெட் ஸ்கோபின்ஸ்கியுடன் சேர்ந்து எழுதிய அறிக்கையில் அவர் பெயர் அச்சானது. பூமியின் குறிப்பிட்ட ஓரிடத்துக்கு மேலே செயற்கைக்கோள் வந்து சேர, ராக்கெட் எரிந்து முடியும் கணத்தில் திசைக்கோணம் என்னவாக இருக்க வேண்டும் என்ற கணக்கு அது. அந்தப் பிரிவில் ஒரு பெண்ணின் பெயர் ஆசிரியராக அறிக்கையில் வந்தது அதுவே முதல் முறை.

இரண்டு பொருள்களும் நேருக்கு நேர் சந்தித்த நாள்களும் உண்டு. 1962 பிப்ரவரி 20 அன்று ஜான் கிளென் பூமியைச் சுற்றிவரப் புறப்பட இருந்தார். பாதையைக் கணக்கிட்டவை ஐ.பி.எம். இயந்திரங்கள். கிளெனுக்கு இயந்திரத்தின்மேல் முழு நம்பிக்கை வரவில்லை. அந்தப் பெண் கணக்கைச் சரிபார்க்கட்டும், எண்கள் சரி என்று அவர் சொன்னால் நான் கிளம்பத் தயார் என்றார். அதே சமன்பாடுகளை மேசைக் கணக்குப்பொறியில் கையால் போட்டுப் பார்த்துச் சரி என்றார் கேத்தரின். கிளென் வாயில் வந்த சொல் 'கேர்ள்'. அப்போது கேத்தரினுக்கு வயது 43. தமிழில் எழுதும்போது இதை 'அந்தப் பொண்ணு' என்று எழுதினால்தான் அந்த அலுவலகத்தின் வாடை வரும். 'அந்த அம்மையார்' என்று மரியாதை கூட்டினால் வரலாற்றை அழகுபடுத்தியதாகிவிடும்.

சொல் எப்போது கைமாறியது? 1940-களில் மின்னணு இயந்திரங்கள் வந்தபோது 'எலக்ட்ரானிக்' என்ற அடைமொழியை முன்னால் போட வேண்டியிருந்தது, ஆளோடு குழப்பம் வரக்கூடாது என்பதற்காக. சில பத்தாண்டுகளில் அடைமொழி உதிர்ந்தது. வெறும் கம்ப்யூட்டர் என்றாலே இயந்திரம் என்றாகிவிட்டது. 1958-இல் என்.ஏ.சி.ஏ. நாசாவாக மாறியபோது மேற்குப் பிரிவும் கலைக்கப்பட்டது. ஆங்கிலத்தில் பழைய ஆவணத்தை இன்று புரட்டுபவர் கண்ணில் 'கம்ப்யூட்டர்கள் கணக்கிட்ட முடிவுகள்' என்ற தொடர் பட்டால் அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தார் என்றே தோன்றாது.

தமிழுக்குத் திணை உண்டு. வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். 'கணக்கிட்டது' என்றால் இயந்திரம். 'கணக்கிட்டார்' என்றால் ஆள். எழுவாயை மறைத்தாலும் வினை மறைக்காது. ஆங்கிலம் மறக்கவிட்டதைத் தமிழ் எழுதும்போதே கேட்டு வாங்குகிறது. அதனால்தான் ஒரே சொல்லை இரண்டுக்கும் போட முடியாமல் போவது நல்லது என்றேன்.

இயந்திரத்துக்கு நமக்குச் சொல் இருக்கிறது. கணிப்பொறி என்று தொடங்கி, இன்று பாடநூல்களில் கணினி நிலைத்துவிட்டது. ஈழத்தில் கணனி என்று எழுதுவோர் உண்டு. 'கணி' தமிழ் வேரா, வடமொழி 'கண'வின் உறவா என்ற சண்டை பழையது. அதை இங்கே தீர்க்கப் போவதில்லை. ஆளுக்கு என்ன சொல்?

'மனிதக் கணினி' என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. எனக்கு இது ஒப்பவில்லை. சகுந்தலா தேவியை மனிதக் கணினி என்று புகழ்ந்தோமே, 1980-இல் லண்டனில் இரண்டு 13 இலக்க எண்களை 28 நொடியில் பெருக்கிக் காட்டினாரே, அவருக்கு அது பொருந்தும். இயந்திரம் முதலில் வந்தது, அதற்கு நிகரானவர் என்று அவரைச் சொன்னோம். லாங்லிப் பெண்களுக்கோ பதவிப் பெயரே கம்ப்யூட்டர். இயந்திரம்தான் அவர்களின் பெயரை எடுத்துக்கொண்டது. மனிதக் கணினி என்றால் முன்னது பின்னதாகிவிடும்.

'கணக்கர்' என்றால் வரவு செலவு பார்ப்பவர் நினைவுக்கு வருவார். 'கணியர்' கேட்க அழகாக இருக்கிறது. சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனார் பெயரில் இருக்கும் சொல். சிலப்பதிகாரத்து அரசவையில் பெருங்கணி இருக்கிறார். வானத்தைப் பார்த்துக் காலம் கணித்தவர்கள். விண்கலத்தின் பாதையைக் கணித்த கேத்தரினுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காதுதான். ஆனால் இன்றைய காதுக்குக் கணியர் என்றால் ஜோதிடர். நெல்லைப் பக்கம் கணியான் கூத்து என்று ஒரு கலைமரபும் இருப்பதால் அங்கே வேறு பொருளும் குறுக்கிடும்.

எஞ்சுவது 'கணிப்பாளர்'. வானிலைக் கணிப்பு, தேர்தல் கணிப்பு என்று முன்னறிவிப்பின் சாயல் இதில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது என்பது குறைதான். ஆனால் கணினியோடு வேர் ஒன்று, திணை வேறு. பக்கத்தில் வைத்துப் படித்தால் உறவும் வேறுபாடும் ஒருசேரத் தெரியும். முதல் முறை வரும்போது 'கணக்கிடும் பணியாளர்களான கணிப்பாளர்கள்' என்று விரித்துவிட்டால் பிறகு தடுமாற்றம் இராது.

எங்கே தேவைப்படும் என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்க நாடாளுமன்றம் 2019-இல் சட்டம் இயற்றி கேத்தரின் ஜான்சன், டோரத்தி வான், மேரி ஜாக்சன், லாங்லிக்குப் பின்னாளில் வந்த கிறிஸ்டின் டார்டன் நால்வருக்கும் தங்கப் பதக்கம் அறிவித்தது. ஐந்தாவது பதக்கம் ஒன்றும் உண்டு. அது 1930-களிலிருந்து 1970-கள் வரை என்.ஏ.சி.ஏ.விலும் நாசாவிலும் வேலை பார்த்த பெண்கள் அனைவருக்குமானது. அந்த வாசகத்தில் வரும் மூன்று பணிப்பெயர்களில் முதலாவது கம்ப்யூட்டர்ஸ். தமிழில் அதைக் 'கணிப்பாளர்களாகவும் கணிதவியலாளர்களாகவும் பொறியாளர்களாகவும் பணியாற்றிய பெண்கள்' என்று எழுத வேண்டும்.