மேடான முதுகில் எந்தத் தையல் நிற்கும்?

துணிக்கு மேலே எழும்பி நிற்கும் எம்பிராய்டரிக்கு ஸ்டம்ப்வொர்க் என்று பெயர். பெயர் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. வேலையோ 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தினுடையது. நகைப்பெட்டிகளிலும் கண்ணாடிச் சட்டங்களிலும் ராஜா, ராணியைத் தைத்து, அவர்களைச் சுற்றி அளவுக்கு மீறிப் பெரிய கம்பளிப்புழுக்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் விட்டிருப்பார்கள். என் கண் முதலில் போவது அந்தப் பூச்சிகளிடம்தான்.

பொறிவண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் முதுகுக்கு ஃபெல்ட் துணியை (நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) மூன்று அளவில் வெட்டி, சிறியதை அடியிலும் பெரியதை மேலேயும் வைத்துத் தைக்க வேண்டும். அப்போதுதான் ஓரம் படிக்கட்டு போலத் தெரியாமல் வழவழப்பாக இறங்கும். சரி, இந்த மேட்டை எந்தத் தையலால் மூடுவது?

பளபளப்புக்கு ஆசைப்பட்டு என் முதல் வண்டுக்குச் சாட்டின் ஸ்டிச், அதாவது நீள நூல்களை நெருக்கமாக அடுக்கி இடத்தை நிரப்பும் தையல், போட்டேன். மறுநாள் பார்த்தால் இரண்டு முனைகளிலும் ஃபெல்ட் எட்டிப் பார்த்தது. காரணம் எளிது: இழுத்துக் கட்டிய நூல் எப்போதும் குறுக்குவழி தேடும். உச்சியைக் கடக்கும் நூல் அப்படியே நிற்கும். சரிவில் கிடக்கும் நூலுக்கோ, கீழே நழுவி மேட்டைச் சுற்றிப் போவதுதான் கிட்ட வழி. அதனால் வளைவில் நீளத் தையல் ஆகாது. நீளமும் குட்டையுமாக மாற்றி மாற்றிப் போடும் லாங் அண்ட் ஷார்ட் தையலில் ஒவ்வொரு நூலும் சிறிது தூரத்திலேயே ஃபெல்ட்டுக்குள் குத்தி இறங்குவதால் நழுவ இடமில்லை.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. காஜா தையலின் முதல் வரிசையை மட்டும் ஓரத்தில் பிடித்துவிட்டு, அடுத்த வரிசைகளைத் துணியைக் குத்தாமல் முந்தைய வரிசையின் கண்ணிகளுக்குள்ளேயே போட்டுக்கொண்டு போவது. ஒரு காகிதத்தைப் பந்தின் மேல் சுற்றினால் சுருங்கி மடியும். பின்னிய காலுறை குதிகாலில் மடியாமல் உட்காருகிறது, ஏனென்றால் அதன் கண்ணிகள் தேவையான இடத்தில் விரியும், தேவையில்லாத இடத்தில் ஒடுங்கும். இந்தத் தையலும் அப்படியொரு வலைதான். பழைய இங்கிலாந்து வேலைகளில் இது நிறைய இருக்கிறது.

முதுகில் நீளவாக்கில் வரி ஓடும் தரைவண்டுகளுக்கு உயர்த்திய ஸ்டெம் ஸ்டிச் (கயிறு போல வரியாக ஓடும் தையல்) பொருந்தும். முதலில் குறுக்கே நூல்களைக் கட்டி, அவற்றின் மேல் மட்டும் நீளமாகத் தைத்தால் வரி தானே வரும்.

அப்புறம் ஒளி. சாட்டின் தையலில் இழைகள் இணையாகப் படுத்திருப்பதால் ஒளி ஒரே பக்கமாகத் திரும்பி வருகிறது. வண்டின் இரண்டு இறகுகளிலும் நூலை எதிரெதிர்ச் சாய்வில் தைத்துப் பாருங்கள்; ஒரே சிவப்பு இரண்டு சிவப்பாகத் தெரியும்.

பம்பிள் தேனீயின் ரோமத்துக்கு இதற்கு நேர்மாறான தையல் வேண்டும். துருக்கித் தையலில் வளையங்களை நெருக்கமாக விட்டு, வெட்டி, ஊசி முனையால் கோதிவிட வேண்டும். அப்போது நூலின் வெட்டு முனைகள் நம்மைப் பார்த்து நிற்கின்றன. ஒளி அவற்றின் நடுவே புகுந்து வெளியே வராமல் அடங்கிப்போகிறது. வெல்வெட் அடர்த்தியாகத் தெரிவதும் இதனால்தான். அதனால் ரோமத்துக்கு மஞ்சள் எடுக்கும்போது, மனதில் நினைத்த நிறத்தைவிட ஒரு படி வெளிறியதாக எடுங்கள்.