சட்டை முதுகில் ஒரு சேற்றுக் கோடு

ஐப்பசி பிறந்தால் வேளச்சேரியில் தண்ணீர் நிற்கும், அதில் புதுமை இல்லை. கியர் சைக்கிள் வாங்கி கிண்டியில் இருக்கும் அலுவலகத்துக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், வானத்திலிருந்து ஒரு சொட்டு விழவில்லை. ஆனாலும் வாசலில் செக்யூரிட்டி, “என்ன சார், முதுகுல நாமம் போட்டுட்டு வந்திருக்கீங்க?” என்கிறார். இடுப்பில் தொடங்கித் தோள்பட்டை வரை, இரண்டு விரல் அகலத்தில், முதுகெலும்பின் மேலேயே நூல் பிடித்தாற்போல் சேறு.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நனைந்த குடையைச் சுழற்றி விளையாடாதவர் யார்? துளிகள் நடுவிலிருந்து நேராக வெளியே பாய்வதாகத் தோன்றும். உண்மையில் அவை விளிம்பை உரசியபடி, கழன்ற கணத்தில் விளிம்பு எந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே போகின்றன. கணக்கு வாத்தியார் சொன்ன தொடுகோடு இதுதான்.

சைக்கிள் டயரும் அப்படித்தான். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகும்போது, டயரில் ஒட்டிய ஒரு துளியை வட்டத்திலேயே வைத்திருக்க அதன் எடையைப்போல் சுமார் 5 மடங்கு விசை வேண்டும். நீரின் ஒட்டும் குணத்தாலும் பரப்பு இழுவிசையாலும் ஒரு மெல்லிய படலத்தைத்தான் பிடித்துவைக்க முடியும். மிச்சமெல்லாம் கழன்றுவிடும். தரையைவிட்டு எழுந்த உடனே கழல்வது தாழ்வாகப் பின்னால் சிதறும், அது பின்னால் வருபவரின் பாடு. இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு சக்கரத்தோடு மேலேறுவதுதான் நம் பாடு.

சக்கரத்தின் பின்பக்கம் எப்போதும் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது. அச்சின் உயரத்துக்கு வந்ததும் கழலும் துளி, சீட்டில் இருப்பவர் கண்ணுக்கு நேர் செங்குத்தாக எழும்பும், அதுவும் சைக்கிள் ஓடும் அதே வேகத்தில். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 10 கி.மீ. வேகத்தில் அது அச்சிலிருந்து 40 செ.மீ. எழும்பும். சீட்டையே தொடாது. 15 கி.மீ. என்றால் 90 செ.மீ., இடுப்பு தாண்டிவிடும். 20 கி.மீ. என்றால் ஒன்றரை மீட்டருக்கும் மேல், தலை தப்பாது. வேகம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்கு. பால்காரர் மெதுவாக மிதித்துக்கொண்டு வெள்ளை வேட்டியோடு போய்விடுகிறார், எட்டரை மணி பஞ்சிங்குக்குப் பறக்கிறவனுக்குத்தான் நாமம்!

செங்குத்தாகப் போகிற துளி முதுகில் படாது. அச்சைத் தாண்டி இன்னும் சற்று மேலே போய்க் கழல்வது முன்பக்கம் சாய்ந்து எழும்பும், அதுதான் சட்டையில் வந்து அப்புகிறது. துளிக்குப் பக்கவாட்டு வேகம் அநேகமாக இல்லை. ஆகவே டயர் அகலமே கோட்டின் அகலம்.

முன்சக்கரத்தின் கதை வேறு. அதன் உச்சியில் கழலும் துளி, தரையை வைத்துப் பார்த்தால், சைக்கிளைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் முன்னால் பாய்கிறது. எதிரே காற்று அதை அமுக்கி நிறுத்துகிறது. நிறுத்தி முடிப்பதற்குள் நாமே போய் முகத்தால் முட்டிக்கொள்கிறோம்.

அப்பாவின் ஹெர்குலஸில் இந்தத் தொல்லையே இல்லை. இரும்பு மட்கார்டு சக்கரத்தைக் கட்டிக்கொண்டு கீழே வரை இறங்கும், முன்சக்கரத்தில் ரப்பர் ஃப்ளாப் தொங்கும், செயினுக்கு மூடி இருக்கும். மட்கார்டின் குழிந்த உட்புறம், தெறித்த நீரை நடுவில் சேர்த்து அடியில் சொட்டவிடும். புதிய கியர் சைக்கிள்கள் பலவற்றை வெறும் சக்கரத்தோடு விற்கிறார்கள். எடை குறைவாம், பார்க்க ஸ்டைலாம். பெங்களூரிலும் சென்னையிலும் மழையே பெய்யாது போலிருக்கிறது.

அந்தப் பழைய சைக்கிளுக்கு மழையில் குறை வேறிடத்தில். குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால், பிரேக் கட்டையின் பிடிப்பு பத்தில் ஒரு பங்குக்குக்கூட இறங்கிவிடும். அலுமினிய ரிம் அவ்வளவு மோசமில்லை. எந்த ரிம்மானாலும், நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே பிரேக்கை லேசாக அழுத்தி நீரை வழித்துவிடுவார்கள் பழகியவர்கள்.

மட்கார்டு இல்லாதவர்கள் செய்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. சீட்டில் உட்கார்ந்துகொண்டு, சட்டைக் காலரில் ஒரு நூலைப் பிடித்து, மறுமுனையைப் பின்சக்கரத்தின் பின்பக்கத்தை உரசும்படி இழுக்கச் சொல்லுங்கள். டயரைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. துளியின் பாதையைப் புவியீர்ப்பு வளைப்பதால் அதற்கு நாலு விரல் கீழே இன்னொரு கோடு. நான் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீளவாக்கில் பிளந்து, சக்கரத்தின் உச்சியிலிருந்து அந்தக் கீழ்க்கோடு வரை மூடும்படி கம்பியால் கட்டியிருக்கிறேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. செக்யூரிட்டி இப்போது பாட்டிலைப் பற்றிக் கேட்கிறார்.